கிளட்சின் திரவமும் அதன் ஆயுளும்

மோட்டார் வாகனத்தின் உறுப்புகளுள் பெரும்பாலானவை தங்கள் தேய்மானத்தை ஏதேனும் ஒரு விதத்தில் நமக்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. டயரின் வரிகள் மறைவதைக் கண் காண்கிறது. பிரேக் கட்டை தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசுவதைக் காது கேட்கிறது. எஞ்சின் எண்ணெய் கறுத்துப்போனதை, அளவுகோலை உருவிப் பார்த்தமாத்திரத்தில் அறிந்துகொள்ளலாம். கிளட்ச் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே, விரற்கடை அகலமும் இல்லாத ஒரு குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் சிறிதளவு திரவமோ, அவ்வாறு எளிதில் தன் நிலையை வெளியிடுவதில்லை. அதையும் ஓர் உறுப்பாக மதித்து, அதற்கும் ஓர் ஆயுட்காலம் உண்டென்று எண்ணுகிறவர்கள் மிகச் சிலரே. ஆயினும், நிதானமாகச் செல்லும் குடும்பக் காரில் பல ஆண்டுகள் அலட்சியம் செய்யப்பட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் அதே திரவம், வேகத்துக்கென்றே படைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரில் சில மாதங்களுக்குள்ளாகவே கெட்டு, கியர் விழாமலும் பெடல் மேலெழாமலும் ஓட்டுநரைச் சங்கடத்தில் ஆழ்த்திவிடுவதுண்டு. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது, அதற்குப் பரிகாரம் யாது என்பவையே இவ்வத்தியாயத்தின் விஷயங்கள்.

கிளட்சின் தொழிலை முதலில் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும், வட்டமான வலிய வில்லொன்றினால் அதன்மேல் அழுத்தப்பட்டிருக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, கியர் பாக்ஸின் தண்டோடு இணைந்த கிளட்ச் பிளேட் இறுகப் பிடிபட்டிருக்கிறது. இப்பிடிப்பினால் உண்டாகும் உராய்வே எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களின் பக்கம் அனுப்புகிறது. கியரை மாற்ற வேண்டிய க்ஷணத்தில், ஓட்டுநர் பெடலை மிதிக்க, ரிலீஸ் பேரிங் என்னும் உறுப்பு வில்லின் விரல்களைச் சில மில்லிமீட்டர் தூரம் தள்ள, பிடிப்பு தளர்ந்து எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. பாதத்தின் விசையை அந்தப் பேரிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைப் பழைய வாகனங்களில் இரும்புத் தண்டுகளும் கம்பிகளும் செய்துவந்தன. இக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் அவ்வேலை திரவத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் குறைவின்றி எல்லாப் பக்கமும் பரவும் என்ற தத்துவத்தை விளக்கி ஃபிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் எழுதிய நூல், அவர் மறைந்ததற்கு மறு ஆண்டான 1663இல் வெளிவந்தது. அத்தத்துவத்தைக் கொண்டு சிறிய விசையினால் பெரிய பாரத்தை அழுத்தும் யந்திரத்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்றார். வாகனத்தை நிறுத்தும் திரவ பிரேக்குக்கு அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்றார். பிரேக்குக்கு ஏற்ற வழி கிளட்சுக்கும் ஏற்றதே என்பது பின்னர் தெளிவாயிற்று. பெடலின் அடியில் மாஸ்டர் சிலிண்டர். கிளட்சின் அருகே ஸ்லேவ் சிலிண்டர். இரண்டையும் இணைக்கும் ஒரு குழாய். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே அதற்குத் திரவம் ஊட்டும் ஒரு சிறு கிண்ணம். இவ்வளவே இதன் அமைப்பு. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 சதுர சென்டிமீட்டர் பரப்பும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்டவை என்று வைத்துக்கொண்டால், விசை இருமடங்காகும். அதற்கு ஈடாக நகரும் தூரம் பாதியாகக் குறையும்.

இந்த ஏற்பாடு முழுவதும், திரவம் சுருங்காது என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்நம்பிக்கை பெரிதும் நியாயமானதே. தண்ணீரை 100 வளிமண்டல அழுத்தத்துக்கு உட்படுத்தினாலும் அதன் கன அளவு அரை சதவீதம்கூடக் குறைவதில்லை. காற்றின் ஸ்வபாவமோ வேறு. குழாயில் 1 கன சென்டிமீட்டர் காற்று சிக்கியிருக்கிறதென்றும், பெடலை மிதிக்கையில் அழுத்தம் 20 வளிமண்டலத்துக்கு உயர்கிறதென்றும் கொள்வோம். அக்காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மேற்கூறிய 6 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் அதனால் இழக்கும் நகர்வு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் அதிகம். பேரிங் நகர வேண்டிய தூரமே சில மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இழப்பு அற்பமானதன்று என்பது விளங்கும். பெடல் தரையைத் தொட்டும் கிளட்ச் முழுவதும் விலகாமல், பாதிப் பிடிப்போடு உரசிக்கொண்டே நிற்கும். குழாயில் குமிழி தோன்றாதபடி காப்பதே பராமரிப்பின் சாரம். அக்குமிழி வெளியிலிருந்து நுழைந்த காற்றாக இருக்கலாம், அல்லது திரவம் உள்ளேயே கொதித்து எழுந்த ஆவியாகவும் இருக்கலாம்.

இத்திரவம் எத்தகையது? ஆரம்ப காலங்களில் ஆமணக்கெண்ணெயோடு சாராய வகைகளைக் கலந்து பயன்படுத்தினார்கள். அக்கலவை குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடும் இயல்புடையது. இன்று நமது பணிமனைகளில் பிரேக் ஆயில் என்று வழங்கப்படுவது பெரும்பாலும் கிளைக்கால் ஈத்தர் என்ற ரசாயன வகையைச் சேர்ந்தது. பெட்ரோலியத்திலிருந்து வடிக்கப்படும் எண்ணெய்களுக்கும் இதற்கும் உறவில்லை. அவ்வெண்ணெயில் சிறிதளவை இக்கிண்ணத்தில் தவறி ஊற்றினாலும், இத்திரவத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துப் பயனற்றுப் போகும். கிளைக்கால் ஈத்தரின் மூலக்கூறில் உள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் நீரின் மூலக்கூறுகளைக் கவர்ந்து தம்மோடு பிணைத்துக்கொள்ளும் தன்மையுடையவை. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிவதுபோல, இத்திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் ஈர்த்துக்கொண்டே இருக்கிறது. கிண்ணத்தின் மூடி வழியாகவும், கண்ணுக்குத் துளைகளே தென்படாத ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவும்கூட அந்த ஈரம் உள்ளே புகுகிறது.

இது ஒரு குறைபாடுதானே, ஈரத்தை ஏற்காத திரவத்தைத் தேர்ந்திருக்கலாகாதா என்று வாசகர் வினவலாம். அத்தகைய திரவமும் உண்டு; அமெரிக்க அரசின் விதி டாட் என்ற பெயரால் வகுத்த இனங்களுள், சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்ட டாட் 5 வகை அது. ஆனால் நீர் உள்ளே வருவதை எவ்வகைத் திரவமும் தடுத்துவிட முடியாது. வந்த நீர் எங்கே தங்கும் என்பதே கேள்வி. சிலிக்கோனில் கரையாத அந்நீர், துளித்துளியாகத் திரண்டு அமைப்பின் தாழ்ந்த பகுதியில் தங்கி, அங்கே உலோகத்தை அரித்து, உஷ்ணம் 100 டிகிரியைச் சற்றே தாண்டியதும் கொதித்து ஆவியாகிவிடும். கிளைக்கால் ஈத்தரோ அந்நீரைத் தன் உடல் முழுவதும் சமமாகப் பரப்பிக் கரைத்துக்கொண்டு, தன் கொதிநிலை படிப்படியாகக் குறைவதைச் சகித்துக்கொள்கிறது. பகையை ஓரிடத்தில் திரளவிடாமல் தானே விழுங்கிக்கொள்ளும் இக்குணம்தான் இத்திரவத்தின் சிறப்பு. அக்குணமே அதன் ஆயுளுக்கு எல்லையையும் வகுத்துவிடுகிறது.

இந்த வீழ்ச்சியின் அளவை எண்களாலேயே காணலாம். அமெரிக்க அரசின் விதிப்படி, டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 205 டிகிரி சென்டிகிரேட் வரையிலும், டாட் 4 வகை 230 டிகிரி வரையிலும், டாட் 5.1 வகை 260 டிகிரி வரையிலும் கொதிக்காமல் தாங்க வேண்டும். ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அதே வகைகளுக்கு முறையே 140, 155, 180 டிகிரி என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். நூற்றில் நான்கு பங்குகூட நிரம்பாத நீர், டாட் 4 திரவத்தின் எல்லையை 75 டிகிரி கீழே இறக்கிவிடுகிறது. டாட் 4 வகையில் சேர்க்கப்படும் போரேட் எஸ்டர் என்ற பொருள், புகுந்த நீரோடு வினைபுரிந்து அதைக் கட்டிப்போட்டு, வீழ்ச்சியைச் சிறிது காலம் தாமதப்படுத்தும். அப்பொருள் செலவழிந்துபோன பின், அந்தப் பாதுகாப்பும் முடிந்துபோகும்.

இனி, ஸ்போர்ட்ஸ் காரின் விசேஷத்துக்கு வருவோம். நின்ற நிலையிலிருந்து கார் புறப்படும்போது, எஞ்சினின் வேகம் மாறாதிருக்கக் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிப்பதாகக் கொண்டால், எஞ்சின் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதி வண்டியின் இயக்கமாகவும் மறுபாதி கிளட்சில் உஷ்ணமாகவும் பிரிகிறது. 1,450 கிலோ எடையுள்ள கார் இவ்விதமாக மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது கிளட்சில் தங்கும் உஷ்ணம் சுமார் 72,000 ஜூல்; ஒரு கிலோ இரும்பை 160 டிகிரி அளவுக்குச் சூடேற்ற அது போதும். ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் ஒரு கிலோவைவிடப் பன்மடங்கு எடையுள்ளவையாதலால் ஒரு புறப்பாட்டினால் தீங்கொன்றும் நேராது. பந்தயத் தடத்தில் மீண்டும் மீண்டும் அவ்வாறு புறப்பட்டும், கணத்துக்குக் கணம் கியரை மாற்றியும் ஓட்டும்போது, உஷ்ணம் ஆறுவதற்கு அவகாசமின்றி மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகிறது. பக்கத்திலேயே செல்லும் புகைக்குழாய்களின் வெப்பமும் இதனோடு கூடுகிறது.

இதற்குத் தக்க உதாரணமாக, 1997ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்து 2004 வரை அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்து பௌலிங் கிரீன் நகரில் தயாரான ஐந்தாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட்டை எடுத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் எடை சமமாக அமைய வேண்டுமென்று அதன் கியர் பாக்ஸைப் பின் சக்கரங்களின் அருகே கொண்டுபோய் வைத்தார்கள். கிளட்சை மட்டும் எஞ்சினின் பின்புறத்திலேயே விட்டு, இரண்டையும் ஒரு நீண்ட குழலினால் இணைத்தார்கள். அதன் ஸ்லேவ் சிலிண்டர் வளைய வடிவானது. சுழலும் தண்டைச் சூழ்ந்தபடி, கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்கு உள்ளேயே அது அமர்ந்திருக்கிறது. விசை நேராகச் செல்வதால் இவ்வமைப்பு யந்திர நோக்கில் அழகியதே. ஆயினும் திரவத்தின் நோக்கில் இதைவிடக் கொடிய இருப்பிடம் வேறில்லை. கிளட்சின் உஷ்ணம் நேரே அதைத் தாக்குகிறது. கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிரும் கரிய துகள், சிலிண்டரின் ரப்பர் விளிம்பைச் சுற்றிப் படிந்து, பிஸ்டன் முன்னும் பின்னும் அசையும்தோறும் சிறிது சிறிதாகத் திரவத்துக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஜப்பானிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் ஸ்லேவ் சிலிண்டர் கூட்டுக்கு வெளியே பொருத்தப்பட்டிருப்பதால், உஷ்ணமும் துகளும் அதை அவ்வளவாக அணுகுவதில்லை. கெட்டுப்போனாலும் கழற்றி மாட்டுவது எளிது. கார்வெட்டிலோ அதை மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸையும் இணைப்புக் குழலையும் இறக்கியாக வேண்டும்.

குழாயின் மறுமுனை அடைபட்டிருப்பது இன்னொரு தொல்லை. எஞ்சின் எண்ணெய் ஓயாமல் சுற்றிவந்து வடிகட்டி வழியே செல்கிறது. கிளட்ச் திரவத்துக்குச் சுற்றுப்பாதையும் இல்லை, வடிகட்டியும் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் சில கன சென்டிமீட்டர் முன்னே சென்று, அதுவே பின்னே திரும்புகிறது. ஆகவே ஸ்லேவ் சிலிண்டரில் பிறந்த அழுக்கு வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி, பல நாட்கள் கழிந்த பின்பே மெல்ல மெல்லக் கலந்து மேலேயுள்ள கிண்ணத்தை எட்டுகிறது. கிண்ணத்தில் திரவம் கறுத்துத் தோன்றினால், கீழே அது அதைவிட மோசமாக இருக்கிறதென்றே கொள்ள வேண்டும்.

கெட்ட திரவத்தின் அறிகுறிகள் பொதுவாக மூன்று. வண்டி சூடேறியபின் கியர், முக்கியமாக ரிவர்ஸ், கரகரவென்று முரண்டு பிடித்து விழுவது ஒன்று. பெடல் உறுதியிழந்து, பிடிக்கும் இடம் தரையை நோக்கித் தாழ்வது மற்றொன்று. மூன்றாவதே ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் மிகவும் அஞ்சுவது: எஞ்சினை அதன் உச்ச வேகத்துக்கு விரட்டிக் கியரை மாற்றுகையில், மிதித்த பெடல் மேலெழாமல் தரையோடு ஒட்டி நின்றுவிடுவது. பெடலை மேலே தள்ளுவது பெரும்பாலும் கிளட்சின் வில்லிலிருந்து திரவத்தின் வழியே திரும்பி வரும் விசைதான். சுழற்சி வேகம் இரட்டித்தால் மையவிலக்கு விசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகத்தின் விதி. நிமிஷத்துக்கு 6,000 சுற்றுகளை எட்டும்போது அவ்விசை வில்லின் விரல்களை வளைத்து, அவை பேரிங்கைத் திருப்பித் தள்ளும் பலத்தைக் குறைத்துவிடலாம். அதே சமயத்தில் திரவமும் ஆவிக்குமிழிகளோடு இருக்குமாயின், வந்த சிறு விசையும் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். இரண்டு காரணங்களுள் முதலாவது வடிவமைப்பைச் சேர்ந்தது. இரண்டாவதை நீக்குவது மட்டுமே காரின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது.

நீக்கும் முறைகள் இரண்டு உண்டு. முறையானது, ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள சிறிய வடிகால் திருகைத் திறந்து, பழைய திரவத்தை அங்கே வெளியேற்றி, மேலிருந்து புதியதை நிரப்புவது. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் திருகைத் தளர்த்தி, திரவமும் குமிழியும் வெளிவந்தபின் அதை முடுக்கி, அதன்பின்பே பெடலை விடச் சொல்வார். திருகு திறந்திருக்கையில் பெடலை விட்டுவிட்டால் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, செய்த வேலை பாழாகிவிடும். கார்வெட்டில் அத்திருகு கை எட்டாத இடுக்கில் அமைந்திருப்பதால், அக்காரின் சொந்தக்காரர்களிடையே மற்றொரு எளிய முறை பரவிற்று. கிண்ணத்திலுள்ள திரவத்தை ஊசியற்ற சிரிஞ்சினால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பி, மூடியை இட்டு, பெடலை இருபது முப்பது முறை நிதானமாக மிதித்துவிட்டு, மறுபடியும் உறிஞ்சி நிரப்புவது. கிண்ணத்துத் திரவம் தெளிவாகவே நிலைக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வது.

இம்முறை பலன் தருவது எங்ஙனம் என்பதைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். கிண்ணம் மொத்தத் திரவத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொள்ளும் என்றும், பெடலை மிதிப்பதால் முழுவதும் நன்கு கலந்துவிடுகிறதென்றும் வைத்துக்கொள்வோம். முதன்முறை மாற்றியபின் எஞ்சும் அழுக்கு 80 சதவீதம். இரண்டாம் முறைக்குப் பின் 64. மூன்றாம் முறைக்குப் பின் 51. ஏழாம் முறையில் 21. பத்தாம் முறையில் 11. அழுக்கு ஒருபோதும் பூஜ்யமாவதில்லையென்றாலும், ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் குறைந்துகொண்டே வருகிறது. உண்மையில் கலப்பு இவ்வளவு பூரணமாக நிகழாது. ஆகையால் கிண்ணம் தெளிவாகத் தோன்றிய பின்னும் சில நாட்கள் வண்டியை ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பது நலம். கீழே தங்கியிருந்தது அதற்குள் மேலே வந்திருக்கும். இம்முறையினால் குழாயிலுள்ள காற்றை நிச்சயமாக வெளியேற்ற இயலாது என்பதையும் மறக்கலாகாது; காற்று புகுந்த அமைப்புக்கு வடிகால் திருகே கதி.

செய்கையில் கவனிக்க வேண்டியவை சில. மூடியைத் திறக்குமுன் அதைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட வேண்டும். சிரிஞ்சில் நீரோ வேறு எண்ணெயோ ஒரு துளியும் இருக்கலாகாது. திரவம், முத்திரை உடையாத டப்பாவிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். சென்ற ஆண்டு திறந்து அலமாரியில் வைத்த மிச்சம், மூடியிருந்தாலும் ஈரம் ஏறியதே. எந்த வகை என்பதைக் கிண்ணத்தின் மூடியிலும் காரின் கைப்புத்தகத்திலும் குறித்திருப்பார்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இனத்தவை, சிலிக்கோனாகிய டாட் 5 அவற்றோடு சேராது. பெயர் ஒற்றுமையால் 5ஐயும் 5.1ஐயும் குழப்பிக்கொள்ளாதிருப்பது அவசியம். கார்மேல் சிந்திய துளியை உடனே நீரூற்றிக் கழுவாவிட்டால், வர்ணம் கரைந்து உரியும். பழைய திரவம் நஞ்சாதலால் சாக்கடையில் ஊற்றத்தக்கதன்று. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உறிஞ்சும்போது கிண்ணத்தின் அடித்துவாரம் காற்றில் தெரியும்படி விட்டுவிடக் கூடாது. ஒரு முறை அது காற்றைக் குடித்துவிட்டால், எளிய முறை அத்துடன் முடிவடைந்து கடினமான முறை ஆரம்பமாகும்.

எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது? பிரேக் திரவத்தை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி பல உற்பத்தியாளர்கள் விதித்திருக்கிறார்கள். அமைதியாக ஓட்டப்படும் காரின் கிளட்சுக்கும் அது போதும். பந்தயத் தடத்துக்குப் போகும் காருக்கோ காலக்கெடுவைக் காட்டிலும் திரவத்தின் நிறமே நல்ல வழிகாட்டி. ஒவ்வொரு தடவையும் தடத்துக்குச் செல்லுமுன் பார்த்து, தேநீர் நிறத்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவது விவேகம். எனினும் நிறம் துகளைக் காட்டுமேயன்றி நீரைக் காட்டாது. தெளிவாகத் தோன்றும் திரவமும் ஈராண்டில் ஈரம் நிறைந்ததாக இருக்கலாம். ஆகவே நிறம் ஒரு கெடு, காலம் மற்றொரு கெடு. இரண்டில் எது முந்துகிறதோ அதை அனுசரிப்பதே சரியானது.

திரவத்தின் மட்டமும் ஒரு செய்தியைச் சொல்லும். பிரேக் கட்டை தேயத் தேய அதன் கிண்ணத்தில் மட்டம் தாழும்; கிளட்சில் இதற்கு மாறாக, பிளேட் தேயத் தேய வில்லின் விரல்கள் பேரிங்கைப் பின்னே தள்ள, மட்டம் சிறிது உயரும். எனவே கிளட்சின் கிண்ணத்தில் மட்டம் குறைந்தால் அது தேய்மானத்தின் விளைவன்று, எங்கோ கசிவு இருக்கிறது என்பதற்கே சாட்சி. அந்நிலையில் மேலும் மேலும் ஊற்றி நிரப்புவது நோயை மறைப்பதேயாகும். அதுபோலவே, புதிதாக மாற்றிய திரவம் ஒரு வாரத்துக்குள் மீண்டும் கறுத்துப்போனால், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் விளிம்பு அரிபட்டிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். கிழிந்த ரப்பரை எந்தத் திரவமும் ஒட்டவைக்காது. பராமரிப்பின் சக்திக்கும் எல்லை உண்டு. அது செய்யக்கூடியதெல்லாம், நீரும் துகளும் உஷ்ணமும் கூடி அந்த ரப்பரையும் சிலிண்டரின் சுவரையும் அரிக்கும் வேகத்தைத் தணிப்பதே. கியர் பாக்ஸை இறக்கும் பெரிய வேலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட, ஒரு டப்பா திரவமும் ஓய்வான ஒரு பிற்பகலும் போதுமானால், அதைவிட மலிவான காப்பீடு ஸ்போர்ட்ஸ் காரில் வேறொன்றும் இல்லை.